மூன்று சரங்களும் உப்புச் சிலைகளும்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்த காலத்தில், உப்பங்கரை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. சின்ன ராஜ்யம். ராஜா மாடியில் நின்று தும்மினால் எல்லைக் காவல்காரன் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான் அதன் அகலம். ஆனால் அங்கே விளைகிற உப்புக்கு மலைநாடு வரைக்கும் பேர்.

அந்த ராஜாவுக்கு வளவராயன் என்று பெயர். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் செங்கமலம், முகில்மலைத் தலைவனுக்கு வாழ்க்கைப்பட்டு மலைமேல் இருந்தாள். இளையவள் இளவஞ்சி, அப்பா அம்மாவோடு ஊரில் இருந்தாள். படகு விடுவதென்றால் அவளுக்கு உயிர்.

ஒரு ஆடி மாதம் காளவாயன் என்ற மந்திரவாதி உப்பங்கரைக்கு வந்தான். அந்த வருஷத்து உப்பு மொத்தமும் தன் மருந்துக் கொப்பரைக்கு வேண்டும் என்று கேட்டான். ராஜா யோசித்துப் பார்த்தார். மலையில் இருக்கிறவர்கள் அந்த வருஷம் பூராவும் கஞ்சியை எதைப் போட்டுக் குடிப்பார்கள்? பாதி தருகிறேன் என்றார். காளவாயனுக்குப் பாதி வேண்டாம்.

"உப்பு உனக்கு அவ்வளவு பெரிசா? அப்படியானால் நீயும் உப்பாகவே இரு" என்று சொல்லிக் கையை வீசினான்.

ராஜா உப்புச் சிலையாக நின்றார். பக்கத்தில் ராணி சிலையானாள். உப்புப் பாத்திக் கரையில் வேலை செய்தவர்கள், சந்தையில் மீன் விற்றவர்கள், தொட்டிலில் கிடந்த பிள்ளைகள், அந்த ஊர் மண்ணில் இருந்த மனிதர்கள் அத்தனை பேரும் உப்பானார்கள். ஆடுமாடு தப்பித்தது. அந்த நேரம் கடலில் படகு விட்டுக்கொண்டிருந்த இளவஞ்சியும் தப்பித்தாள். தண்ணீருக்கும் அவன் மந்திரத்துக்கும் ஆகாது.

அவள் கரைக்கு ஓடி வந்தபோது காளவாயன் ஊரைச் சுற்றி முள்வேலி எழுப்பிக்கொண்டிருந்தான். எந்த மந்திரம் போட்டாலும் அதற்கு மாற்றுச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் மந்திரம் நிற்காது. அதனால் அவனும் சொன்னான்.

"அரண்மனை முரசில் சரியான தாளம் அடித்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். தாளம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாறும், அடுத்த அமாவாசையோடு செத்துவிடும். ஒரு அடி தப்பினாலும் சிலைகள் வெடித்துவிடும். இந்த வேலியை மனிதர் யாரும் தாண்ட முடியாது. எழுதிய ஓலை தாண்டினால் எழுத்து அழிந்துபோகும். மற்றபடி பறவையோ விலங்கோ வேறெதுவோ, ஆளுக்கு ஒரு பொருள்தான் உள்ளே கொண்டுவரலாம், அதுவும் ஒரு சாணுக்குள். ஐப்பசி மழை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

மழை வந்தால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. உப்பு மழையில் என்ன ஆகும் என்பது இளவஞ்சிக்கே தெரியும்.

அவள் அழுதாள். அழுது முடித்ததும் தென்னங்கீற்றை வெட்டிவந்து ஒவ்வொரு சிலைக்கும் ஒரு கூரை கட்ட ஆரம்பித்தாள். மேலே கீற்றுப் போடலாம், காலடியில் ஓடுகிற தண்ணீரை என்ன செய்வது? போதாததற்கு ஆடுகள் வேறு. கொஞ்சம் அசந்தால் வந்து நக்கும். ராஜாவின் இடது காதுமடலில் பாதியை ஒரு வெள்ளாடு முதல் வாரத்திலேயே தின்றுவிட்டது. நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்திருந்த அரண்மனைக் கிளியிடம், மலைக்குப் பறந்து போய் அக்காவிடம் சொல்லச் சொன்னாள்.

முகில்மலையில் ஒரு ஏரி. ஏரிக்கு அடியில் ஒரு கிழட்டு ஆமை. காளவாயனின் குகையும் அதே மலையில்தான். பௌர்ணமி அன்று விடியும்போது அவன் புதுத் தாளத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பான். அது பாறை வழியாக இறங்கி ஆமையின் காதுக்கு வந்துவிடும். செங்கமலம் ஏரிக்கரையில் நின்று ஆமையைக் கூப்பிட்டு, கேட்டதைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

"சொல்கிறேன். சொல்வதோடு சரி. கொண்டுபோவது உன் பாடு" என்றது ஆமை.

முரசின் நடுவில் அடித்தால் தொம். ஓரத்தில் அடித்தால் தக. தொம்மும் தகவும் கலந்து, முன்பாதி ஆறு அடி, பின்பாதி ஆறு அடி. செங்கமலம் தொம்முக்குச் சிவப்புக் குன்றிமணியும் தகவுக்கு வெள்ளைச் சங்குமணியும் எடுத்து நூலில் கோத்தாள். ஒரு சாண் நூலில் முடிச்சுக்கும் கட்டுக்கும் விட்டதுபோக ஆறு மணிதான் பிடித்தது. ஆகவே இரண்டு சரம். முன்பாதிக்கு ஒரு முடிச்சு, பின்பாதிக்கு இரண்டு முடிச்சு.

யாரிடம் கொடுத்து அனுப்புவது? கிளி இருந்தது. மலையிலிருந்து இறங்கி உப்பங்கரை வழியாகக் கடலுக்குப் போகிற ஆறு இருந்தது.

கிளியைக் கேட்டாள். கிளி உண்மையைச் சொல்லிவிட்டது. "வந்தாலும் வருவேன், வராமலும் போவேன். வழியில் அத்திமரம் இருக்கிறது, இளவரசி. பழத்தைப் பார்த்தால் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது."

ஆற்றைக் கேட்டாள். ஆறு பேசாது. அவள் ஒரு பூவைப் போட்டாள், மிதந்து போனது. இன்னொரு பூவைப் போட்டாள், சுழலில் முழுகிப் போனது. வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று புரிந்துகொண்டாள்.

வேறு வழியில்லை. முன்பாதியைக் கிளியின் கழுத்தில் கட்டினாள். பின்பாதியைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து மெழுகால் மூடி ஆற்றில் விட்டாள். பார்த்தது எவ்வளவானாலும் கிளி சொல்லிவிடும், சொல்லிக்கொடுத்தால் ஒரு வரிதான் மனப்பாடமாகும், இரண்டாவது வரி சொன்னால் முதல் வரி போய்விடும். அதனால் ஒரே வரியாகச் சொல்லி அனுப்பினாள்: சிவப்பு தொம், வெள்ளை தக, ஒரு முடிச்சு முன்னால், இரு முடிச்சு பின்னால்.

ஆவணி மாதம் சிரட்டை ஒழுங்காக வந்து உப்பங்கரையில் ஒதுங்கியது. கிளியும் வந்தது. வரியைத் தப்பில்லாமல் சொன்னது. கழுத்தில் சரம் இல்லை. அத்திமரத்தில் எங்கோ மாட்டி அறுந்துபோயிருக்கிறது.

இளவஞ்சி பாதித் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு முரசின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மீதியை ஊகித்து அடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அம்மாவின் சிலையைப் பார்த்தாள். கோலை எடுக்கவில்லை. அமாவாசை வந்தது, அந்தத் தாளம் செத்துப்போனது.

கிளி மலைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் செங்கமலம் அதன் மேல் கோபப்பட்டு, அடுத்த முறை வேறு ஆளைப் பிடித்தாள். உப்பு மூட்டை சுமந்துவந்து மலையிலேயே தங்கிவிட்ட ஒரு கழுதை. கழுதையும் ஒளிக்காமல் பேசியது. "வந்தாலும் வருவேன், வராமலும் போவேன். வழி தெரியும். ஆனால் நடுவில் படுக்கத் தோன்றினால் படுத்துவிடுவேன். அடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அது என் சுபாவம்."

புரட்டாசிப் பௌர்ணமிக்கு ஆமை புதுத் தாளம் சொன்னது. முன்பாதி கழுதையிடம், பின்பாதி ஆற்றிடம். கிளி வெறுங்கழுத்தோடு கூடப் பறந்தது. இந்தத் தடவை கழுதை எங்கும் படுக்கவில்லை, நேராக வந்து நின்றது. ஆறுதான் கைவிட்டது. சிரட்டை சுழலுக்குள் போனது போனதுதான்.

இப்போது இளவஞ்சியிடம் ஆவணித் தாளத்தின் பின்பாதி இருந்தது, புரட்டாசித் தாளத்தின் முன்பாதி இருந்தது. இரண்டும் சேராது. கிழக்கே கடலுக்கு மேலே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. மழைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி.

அவள் யாரையும் திட்டவில்லை. கழுதைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். கிளி கெட்டதல்ல, ஆறு கெட்டதல்ல, கழுதையும் கெட்டதல்ல. மூன்றுக்கும் ஆளுக்கொரு குணம், அதை மாற்ற முடியாது. மூன்றையும் சேர்த்து அனுப்பினால்? மூன்றில் ஒன்று தவறும் என்றே வைத்துக்கொள்வோம். எது தவறும் என்றுதான் தெரியாது. மூன்றாவது ஆளிடம் எந்தப் பாதியைக் கொடுப்பது? முன்பாதியையே இரண்டு பேரிடம் கொடுத்தால், பின்பாதி கொண்டுவருகிறவன் தவறிவிடுவான். பின்பாதியை இரண்டு பேரிடம் கொடுத்தால், முன்பாதிக்காரன் தவறிவிடுவான்.

கையில் இருந்த இரண்டு உபயோகமில்லாத சரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் மணி, மேலேயும் சிவப்பு, கீழேயும் சிவப்பு. ஒத்துப்போகிறது. இரண்டாவது மணி, மேலே வெள்ளை, கீழே சிவப்பு. மாறிப்போகிறது. ஒத்துப்போகிறது, மாறிப்போகிறது, மாறிப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

மூன்றாவது ஆள் எந்தப் பாதியையும் கொண்டுவர வேண்டாம். இரண்டு பாதியும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறிப்போகிறது என்பதைக் கொண்டுவந்தால் போதும். அந்தச் சரமும் ஏதாவது ஒரு பாதியும் கையில் இருந்தால், காணாமல் போன பாதி எதுவாக இருந்தாலும் மணி மணியாகத் திரும்பக் கோத்துவிடலாம்.

அன்றைக்கே கிளியையும் கழுதையையும் கூப்பிட்டு, இரண்டு பேரிடமும் ஒரே வரியைச் சொன்னாள். "இரண்டு சரத்தையும் பக்கத்தில் வைத்து, ஒத்திருந்தால் வெள்ளை, மாறியிருந்தால் சிவப்பு, மூன்று முடிச்சு, மூன்றாம் ஆளிடம்."

கிளி அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு போனது. ஒத்திருந்தால் வெள்ளை, மாறியிருந்தால் சிவப்பு. ஒத்திருந்தால் வெள்ளை, மாறியிருந்தால் சிவப்பு. கழுதை பின்னால் நடந்து போனது. இரண்டில் ஒன்றாவது அக்காவிடம் போய்ச் சேருமா என்று இளவஞ்சிக்குத் தெரியாது. கிழக்கே பார்த்தாள், கீற்று வெட்டப் போனாள்.

கிளி மலைக்குப் போய்ச் சேர்ந்தது. செங்கமலம் முதல் தடவை கேட்டபோது புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, குன்றிமணியும் சங்குமணியும் எடுத்துத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

கழுதை நடுவழியில் படுத்துக் கிடந்துவிட்டு, பௌர்ணமிக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது.

ஐப்பசிப் பௌர்ணமி விடிந்தது. ஆமை தாளம் சொன்னது. முன்பாதி: தொம் தொம் தக தொம் தக தக. பின்பாதி: தக தொம் தொம் தொம் தக தொம். செங்கமலம் இரண்டையும் கோத்து, பக்கத்தில் வைத்து, ஒத்த இடத்தில் வெள்ளையும் மாறிய இடத்தில் சிவப்புமாக மூன்றாவதைக் கோத்தாள். ஒரு முடிச்சுச் சரம் கிளிக்கு. இரண்டு முடிச்சுச் சரம் ஆற்றுக்கு. மூன்று முடிச்சுச் சரத்தைக் கழுதையின் பிடரி மயிருக்குள் வைத்துப் பின்னிவிட்டாள்.

காளவாயன் சும்மா இருக்கவில்லை. இரண்டு பாதியாக ஏதோ போகிறது என்று அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. ஆற்றில் அவன் கைவைக்க மாட்டான், தண்ணீரில் அவன் மந்திரம் பலிக்காது. கழுதையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அத்திமரத்தடியில் காத்திருந்தான். கிளி வந்து பழத்தில் மூக்கை வைத்ததும் மெல்ல அதன் கழுத்திலிருந்து சரத்தை அவிழ்த்தான். திருடிக்கொண்டு போயிருக்கலாம். அவன் அதைவிடக் கெட்டவன். ஒரே ஒரு மணியை மாற்றிவிட்டு, சரத்தைத் திரும்பக் கட்டிவிட்டான். அந்தப் பெண் தன் கையாலேயே தாய் தகப்பனை உடைக்கட்டும் என்பது அவன் எண்ணம். கிளிக்கு ஒன்றும் தெரியாது, வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டது.

உப்பங்கரைக்கு முதலில் வந்தது கிளிதான். "சரம் இருக்கிறது பார்" என்று கழுத்தை நீட்டிப் பெருமையாகக் காட்டியது. ஒரு முடிச்சு. அடுத்து சிரட்டை கரை ஒதுங்கியது. இரண்டு முடிச்சு.

முன்பாதியும் பின்பாதியும் கையில். வானம் கறுத்துக் கிடந்தது, காற்றில் ஈரம். இளவஞ்சி முரசடிக் கோலை எடுத்தாள். அப்புறம் கீழே வைத்தாள். அக்காவுக்கு அந்த வரி போய்ச் சேர்ந்திருந்தால் மூன்றாவது ஒன்று வர வேண்டும். சேராமல் போயிருந்தால் வராது. இரண்டு பாதியும் இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கிளி கேட்டது. அமாவாசைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்றாள் இளவஞ்சி.

மழை சொட்ட ஆரம்பித்தது. ஓரத்துச் சிலைகளின் காலடியில் மண் நனைந்தது. அவள் எழுந்து முரசடிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில்தான் வேலிப் பக்கம் கழுதையின் குரல் கேட்டது.

பிடரி மயிரைப் பிரித்தாள். சரம் இருந்தது. முடிச்சைத் தடவிப் பார்த்தாள், ஒன்று, இரண்டு, மூன்று. வேலிக்கு அப்பால், மலைக்கு அப்பால், தான் நினைத்ததை அக்கா அப்படியே நினைத்திருக்கிறாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மூன்று சரங்களையும் முடிச்சு வரிசையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தாள்.

முதல் மணி. மேலே சிவப்பு, கீழே வெள்ளை, மாறியிருக்கிறது. மூன்றாவது சிவப்பு. சரி.

இரண்டாவது மணி. மேலே வெள்ளை, கீழே சிவப்பு. மாறியிருக்கிறது. மூன்றாவது சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தது.

அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மற்ற ஐந்து மணியும் சரியாகச் சேர்ந்தன. இரண்டாவது மட்டும் சேரவில்லை. மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது. எது?

கிளி தான் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்தது. அத்திமரத்தில் இறங்கினாயா என்று இளவஞ்சி கேட்டாள். கொஞ்ச நேரம்தான் என்றது கிளி. அத்திமரத்தில் யார் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். ஆனால் ஆற்றங்கரையிலும் யாராவது இருந்திருக்கலாம், கழுதை படுத்திருந்தபோதும் யாராவது வந்திருக்கலாம். கிளியை மட்டும் எப்படிச் சந்தேகப்படுவது?

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. காளவாயன் எதை மாற்றினாலும் அது கடைசியில் உப்பாகத்தான் ஆகிறது. வேறு எதாகவும் மாற்ற அவனுக்கு வராது. ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எடுத்து, மூன்று சரங்களையும் அதில் போட்டுக் கலக்கினாள். ஆற்றின் சரம் வந்தபடியே வெளியே வந்தது. கழுதையின் சரம் அழுக்குப் போய்ப் பளிச்சென்று வந்தது. கிளியின் சரத்தை எடுத்தபோது இரண்டாவது மணி இருந்த இடத்தில் வெறும் நூல்தான் இருந்தது.

கிண்ணத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

இப்போது கேள்வியே இல்லை. கீழே சிவப்பு, மூன்றாவது வெள்ளை, ஒத்திருந்தால்தான் வெள்ளை. அப்படியானால் மேலே இருந்ததும் சிவப்பு. தொம்.

மழை வலுத்துவிட்டது. இளவஞ்சி கோலை எடுத்தாள். மூன்று சரங்களையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

தொம் தொம் தக தொம் தக தக.
தக தொம் தொம் தொம் தக தொம்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எங்கோ ஒரு குழந்தை அழுதது. சந்தையில் ஒருத்தி, யார் என் மீன்கூடையைக் கவிழ்த்தது என்று கத்தினாள். பாத்திக் கரையில் ஆட்கள் கீற்றை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ராணி எழுந்ததும் முதலில் மகளைப் பார்த்தாள், ஏன் இப்படிக் கறுத்து இளைத்துப் போயிருக்கிறாய் என்று கேட்டாள். ராஜா இடது காதைத் தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவிப் பார்த்தார்.

காளவாயன் வேலிக்கு வெளியே நின்று, சிலைகள் வெடிக்கிற சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். முறிந்த மந்திரம் போட்டவனிடமே திரும்பிப் போனது. அவன் உப்பானான். அவனுக்குக் கீற்றுக் கூரை கட்ட ஆள் இல்லை. அன்று பெய்த மழையில் அவன் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. வேலி சாதாரணக் கருவேலமாகி, ஊரார் வெட்டி அடுப்பெரித்தார்கள்.

கிளி வெட்கப்பட்டுக்கொண்டு கூரை முகட்டில் உட்கார்ந்திருந்தது. இளவஞ்சி அதை இறக்கி, உன் சரத்தில் ஐந்து மணி சரியாகத்தானே இருந்தது என்று சொன்னாள். அரண்மனைத் தோட்டத்தில் அதற்கென்று ஒரு அத்திமரம் வைத்தார்கள். கழுதையின் முதுகில் இனி யாரும் மூட்டை ஏற்றக் கூடாது என்று ராஜா உத்தரவு போட்டார், அது தோன்றிய இடத்தில் படுத்துக்கொண்டது. ஆற்றுக்கு என்ன கொடுப்பது? கரை நெடுக மரம் நட்டார்கள். மலைநாட்டுக்கு வழக்கம்போல உப்பு போனது.

வழி திறந்ததும் செங்கமலம் கீழே வந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். பிறகு செங்கமலம், பௌர்ணமியிலிருந்து தன்னை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"மூன்றில் இரண்டு தவறியிருந்தால் என்ன செய்திருப்பாய், வஞ்சி?"

"ஒன்றும் செய்திருக்க முடியாது, அக்கா. ஒன்று தவறினால் தாங்கும்படிதான் நாம் செய்திருந்தோம்."

"அப்படியானால் நாலாவது ஆள் ஒருவர் வேண்டும்" என்றாள் செங்கமலம்.

"அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள் இளவஞ்சி. இரண்டு பேரும் மணிக்கூடையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராணி வந்து சாப்பிடக் கூப்பிட்டபோது தரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகச் சரங்கள் கிடந்தன.

அவர்கள் நன்றாக இருந்தார்கள். ஊரும் நன்றாக இருந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்களுக்கும் பசிக்கும், போய்ச் சாப்பிடுங்கள், உப்பு மட்டும் அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள்.